கந்தோரும் திறமையும்: ஊழியனைப் பழிப்போருக்கு ஒரு மறுப்பு

நாட்டின் திறைசேரி வற்றும்போதெல்லாம் அரசாங்க ஊழியனின் சோம்பலைப் பற்றிய பேச்சு ஓங்கிவிடுவது எமது அரசியலின் பழைய வழக்கங்களுள் ஒன்று. 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. இந்நிலைக்கு நாட்டை இட்டுச்சென்றோர் யாவர் என்ற கேள்வி எழவேண்டிய இடத்திலே, கச்சேரிக் கதிரையில் இருப்பவன் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை தடவை தேநீர் குடிக்கப் போனான் என்ற கேள்வியே எழுப்பப்பட்டது. முதற் கேள்விக்கு உயர் நீதிமன்றம் 2023 நவம்பரிலே விடையளித்தது. முன்னாள் ஜனாதிபதி, முன்னாள் பிரதமர், முன்னாள் நிதியமைச்சர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள், திறைசேரியின் உச்சியில் இருந்தோர் ஆகியோரே பொதுமக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் இழைத்தனர் என்று பெரும்பான்மைத் தீர்ப்புக் கூறியது. அத்தீர்ப்பிலே எந்த எழுதுவினைஞனின் பெயரும் இல்லை. எனினும் எழுதுவினைஞனைப் பழிக்கும் பேச்சு ஓயவில்லை.

நோய் இதுவென நிச்சயித்தோர் மருந்தையும் கையோடு கொண்டுவந்தனர். 'திறமை முகாமைத்துவம்' என்பது அம்மருந்தின் பெயர். அதனுடன் 'வேலைத்தலக் கலாசாரம்' என்ற அனுபானமும் உண்டு. குளிரூட்டிய மண்டபத்திலே, வளவாளர் ஒருவர் திரையிலே படங்களைக் காட்டி, வெற்றிபெற்ற மனிதரின் ஏழு பழக்கங்களையோ எட்டுப் பழக்கங்களையோ விளக்குகிறார். முன்வரிசையில் பணிப்பாளர்கள், பின்வரிசையில், மூன்று பேருந்து மாறி வந்த உத்தியோகத்தர்கள். மாலையில் சான்றிதழ். மறுநாட் காலையில் அதே உடைந்த கதிரை, அதே மை தீர்ந்த அச்சு இயந்திரம், அதே கையொப்பத்துக்காகக் காத்துக்கிடக்கும் கோவை. இத்தகைய வகுப்புகளிலே நாமும் பல தடவை குந்தியிருந்தோம். அங்கு எமக்குக் கற்பிக்கப்பட்டதன் சாரம், எமது மனப்பான்மையே எமது வறுமைக்குக் காரணம் என்பதாகும்.

இச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது. 1997ஆம் ஆண்டளவில் மக்கின்சி என்னும் அமெரிக்க ஆலோசனைக் கம்பனி, திறமைசாலிகளைப் பிடிப்பதற்கான போர் ஒன்று மூண்டுவிட்டது என்று பறைசாற்றியது. 2001இல் அக்கம்பனியைச் சேர்ந்த மூவர் அதனை ஒரு நூலாகவும் வெளியிட்டனர். எவன் மேலானவன் என்று தரம்பிரி; மேலானவனுக்கு அள்ளிக்கொடு; கீழானவனைக் கழற்றிவிடு என்பதே அதன் போதனை. இப்போதனையைச் சிரமேற்கொண்ட கம்பனிகளுள் முன்மாதிரியாகப் போற்றப்பட்டது என்ரோன். அதன் தலைமையிலிருந்த ஜெப்ரி ஸ்கில்லிங் மக்கின்சியிலிருந்து வந்தவர். அங்கே ஊழியர்களை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரிசைப்படுத்தி, அடியில் நின்றோரை வெளியேற்றும் வழக்கம் இருந்தது. மேலே நின்ற திறமைசாலிகள் என்ன செய்தனர்? இல்லாத இலாபத்தை இருப்பதாகவும், இருந்த கடனை இல்லாததாகவும் கணக்கெழுதினர். நூல் வெளிவந்த அதே 2001ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்திலே என்ரோன் வங்குரோத்தாகியது. ஆயிரக்கணக்கான சாதாரண ஊழியர்கள் வேலையையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் ஒருங்கே இழந்தனர். அங்கே செத்த தத்துவம் கடல் கடந்து இங்கே வந்து எமது பிரதேச செயலகங்களுக்கு வேதமோதுகிறது!

ஆயினும் ஒரு கம்பனியின் வீழ்ச்சியைக் காட்டி ஒரு கருத்தை முற்றாக மறுத்துவிட முடியாது. கருத்தின் அடித்தளத்தையே நாம் பார்க்கவேண்டும். ஊழியனின் பயன், ஊழியனின் உள்ளே இருக்கும் ஏதோவொரு சரக்கு என்று அது கருதுகிறது. அச்சரக்கு உள்ளவனைத் தேடிப்பிடித்தால் உற்பத்தி பெருகுமாம்.

இதற்கு மறுமொழி அமெரிக்காவிலிருந்தே வந்தது என்பது சுவையான செய்தி. 1950இலிருந்து யப்பானியப் பொறியியலாளருக்குத் தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்த எட்வேர்ட்ஸ் டெமிங் என்னும் புள்ளிவிபரவியலாளர், தமது வகுப்புகளில் ஒரு விளையாட்டை நடத்துவார். ஒரு பெட்டியிலே 3,200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். ஐம்பது குழிகள் கொண்ட ஒரு தட்டை அதற்குள் அமிழ்த்தி எடுப்பது 'தொழிலாளி'யின் வேலை. வெள்ளை மணி நல்ல பொருள்; சிவப்பு மணி பழுதான பொருள். ஒருவன் எடுத்தால் ஆறு சிவப்பு வரும். இன்னொருவன் எடுத்தால் பதின்மூன்று வரும். ஆறு எடுத்தவனுக்குப் பாராட்டும் சம்பள உயர்வும். பதின்மூன்று எடுத்தவனுக்கு ஏச்சும் எச்சரிக்கையும். மறுநாள் பாராட்டுப் பெற்றவன் பன்னிரண்டு எடுப்பான். 'பாராட்டு அவன் தலைக்கேறிவிட்டது' என்பார் மேற்பார்வையாளராக நடிக்கும் டெமிங். சுவரில் சுலோகங்கள் ஒட்டப்படும். நன்றாகச் செய்தோரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றோர் நீக்கப்படுவர். சிவப்பு மணி குறையாது. பெட்டியிலே சிவப்பு மணியைக் கலந்துவைத்தவன் தட்டைப் பிடித்திருப்பவன் அல்லனே! வருடந்தோறும் ஊழியனுக்குப் புள்ளியிடும் முறையை முகாமைத்துவத்தைக் கொல்லும் நோய்களுள் ஒன்றாக டெமிங் எண்ணினார். அவர் இடதுசாரியல்லர், முதலாளிகளுக்கே அறிவுரை சொன்னவர். முதலாளித்துவத்தின் கூரிய மாணவர்களே கைவிட்ட ஒன்றை எமது மண்டபங்களிலே புத்தம்புதிய சரக்காக விற்கின்றனர்.

அப்படியானால் எமது கந்தோர்ப் பெட்டிக்குள் சிவப்பு மணிகளைக் கலந்தோர் யாவர்? இக்கேள்விக்கு விடைகாணச் சற்று வரலாற்றின் பக்கம் திரும்புதல் வேண்டும்.

கச்சேரி என்பது வரி சேர்ப்பதற்கும் அமைதி காப்பதற்கும் அந்நியர் அமைத்த நிலையம். மக்களுக்குத் தொண்டு செய்வது அதன் பிறவிக் குணமன்று. மேலே சிவில் சேவைத் துரை, நடுவே ஆங்கிலம் கற்ற முதலியாரும் எழுதுவினைஞனும், கீழே சேவகன், வெளியே, விறாந்தையிலே, மனுவைக் கையிலேந்தி நிற்கும் குடியானவன். கீழுள்ளவன் எதையும் தீர்மானிக்கலாகாது. எதையும் எழுத்திலே மேலே அனுப்பவேண்டும். மேலுள்ளவன் அதன்மேல் குறிப்பெழுதிக் கீழே அனுப்பவேண்டும். சந்தேகமே இந்த அமைப்பின் உயிர்நாடி. இலங்கைச் சிவில் சேவை 1963 மே மாதம் முதலாந் திகதி ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவையாயிற்று. துரை போனார், துரையின் மேசை போகவில்லை. தாபன விதிக்கோவையையும் நிதிப் பிரமாணத்தையும் புரட்டிப் பார்ப்போர், ஊழியன் எதைச் செய்யலாகாது என்பதைப் பக்கம் பக்கமாகக் காண்பர். தன் புத்தியைக் கொண்டு ஒரு காரியத்தை விரைவாக முடித்தவனுக்குக் கணக்காய்வு வினா வரும்; ஒன்றுஞ் செய்யாது கோவையை மேலே தள்ளியவனுக்கு எந்தத் தொந்தரவும் வராது. இதனை நன்கு விளங்கிக்கொண்ட ஊழியன் கோவையைத் தள்ளுகிறான். அவனுடைய அறிவு குறைவு என்று யாரும் சொல்லலாகாது. இருக்கும் அமைப்புக்கு ஏற்ற அறிவு அதுவே.

திறமையை மதிப்பதாக இன்று கூறுவோர் 1956ஐ நினைவுகூர வேண்டும். அவ்வாண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதன் விளைவாகக் கணக்கிலும் சட்டத்திலும் பொறியியலிலும் பழுத்த அனுபவமுடைய தமிழ் உத்தியோகத்தர்கள், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையின் வாசலிலே நிறுத்தப்பட்டனர். பதவி உயர்வு போயிற்று. பலர் வேலையையே விட்டுப்போயினர். இது ஓர் இனத்துக்கு இழைத்த அநீதி என்பதை நாம் பலகாலும் எழுதியுள்ளோம். கந்தோருக்கு இழைத்த கேடு என்பதைப் போதிய அளவு எழுதவில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலையிலிருந்து சேவையில் சேர்வோர் இரண்டாம் மொழியிலே தேர்ச்சி பெறவேண்டுமென்று சுற்றறிக்கையும் வந்தது. இருந்தும் மட்டக்களப்பிலே ஒரு விதவைக்குச் சிங்களக் கடிதம் வருகிறது. அதை வாசிப்பிக்க அவள் அரைநாட் கூலியை இழந்து பட்டணம் போகிறாள். அந்த அரைநாளை எந்த உற்பத்தித்திறன் கணக்கிலே சேர்த்தனர்?

மற்றச் சிவப்பு மணி அரசியல்வாதியின் துண்டுக் கடிதம். 1947இன் சோல்பரி அரசியலமைப்பு பகிரங்க சேவை ஆணைக்குழுவை நிறுவியது. 1972இன் குடியரசு அரசியலமைப்பு அதனை அகற்றி, நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று யாவற்றையும் அமைச்சரவையின் கைக்குள் வைத்தது. அவ்வரசாங்கத்திலே இடதுசாரிகளும் இருந்தனர். அவ்வரசியலமைப்பை ஆக்கியதிலே முன்னின்றவர் இடதுசாரித் தலைவர் ஒருவரே. இதை மறைத்து எழுதுவது எமக்கு நேர்மையாகாது. பின்வந்தோர் அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறந்தனர். 1977க்குப் பின் 'வேலை வங்கி' என்ற பெயரிலே பாராளுமன்ற உறுப்பினர்கள் மூலம் விண்ணப்பப் படிவங்கள் வழங்கப்பட்டன. 1980 ஜூலையிலே சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த 40,000க்கு மேற்பட்டோர் வேலையிலிருந்து தூக்கியெறியப்பட்டனர். பல்லாண்டுப் பயிற்சி பெற்ற எழுதுவினைஞரும் தொழில்நுட்பவியலாளரும் தெருவிலே நின்றனர். சிலர் தற்கொலை செய்துகொண்டனர். திறமையைத் தக்கவைப்பது பற்றி அன்று எவரும் பிரசங்கம் செய்ததாக எமக்கு நினைவில்லை. ஆணைக்குழுவின் சுதந்திரமோ 2001இன் பதினேழாம் திருத்தத்தால் வந்து, 2010இன் பதினெட்டாம் திருத்தத்தால் போய், 2015இல் மீண்டு, 2020இல் மறைந்து, 2022இல் திரும்பவும் வந்தது. அலையிலே அகப்பட்ட தோணிபோல ஆடும் ஓர் அமைப்பின் கீழ், நேர்மையாகச் செய்தால் உயரலாம் என்று எந்த இளைஞன் நம்புவான்?

நாம் அறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லலாம். தாவரவியலிலே சிறப்புப் பட்டம் பெற்றவர். நான்கு ஆண்டுகள் வேலையின்றி வீதியிலே பந்தல் போட்டுச் சத்தியாக்கிரகம் இருந்த பட்டதாரிகளுள் ஒருவர். 2013இல் அவருக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற நியமனம் கிடைத்தது. போன முதல் நாள் அவருக்குக் கதிரை இல்லை. மூன்றாம் மாதம் கதிரை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அதே பிரிவிலே படைப்புழு சோளத்தை அழித்தபோது, பயிர்நோய் பற்றிப் பேசத் தெரிந்த இவர், வேறொரு பகுதியிலே வருகை இடாப்பைப் பிரதிபண்ணிக்கொண்டிருந்தார். விவசாயப் பகுதிக்கு மாற்றுங்கள் என்று எழுதிய கடிதம், அவருடைய சேவைப் பிரிவு வேறு அமைச்சின் கீழ் வருவதால் இயலாதென்ற குறிப்புடன் திரும்பியது. இவரைப் போன்றோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். 2020இலும் தேர்தலை அண்டிப் பல்லாயிரம் பட்டதாரிகள், மாதம் 20,000 ரூபாய்ப் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டனர். எந்தக் கந்தோருக்கு எந்த அறிவு தேவை என்று எவரும் கேட்கவில்லை. ஆட்களைச் சேர்க்கும்போது வாக்கு மட்டும் எண்ணப்பட்டது. அவர்களைக் குறைக்க முற்படும்போது மட்டும் திறமை எண்ணப்படுகிறது.

இதற்கிடையே பெயர்மாற்றங்களுக்குக் குறைவில்லை. எழுதுவினைஞர் முகாமைத்துவ உதவியாளராயினர். அவர்கள் எதனை முகாமை செய்கின்றனர் என்று கேட்டால் அவர்களே சிரிக்கின்றனர்.

எமது நாட்டின் அரசாங்க சேவை முழுவதும் இப்படியே என்று கருதுவோர் குடும்பநல மாதைப் பார்க்கட்டும். 1926இலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. 1940களின் நடுப்பகுதியிலே ஓர் இலட்சம் பிறப்புக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் இத்தொகை முப்பது அளவிலே நிற்கிறது. செல்வந்த நாடுகள் பல மடங்கு பணத்தைக் கொட்டிச் சாதித்ததை, சைக்கிளிலும் கால்நடையாகவும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்த பெண்கள் சாதித்தனர். மலேரியா ஒழிப்பு, இலவசக் கல்வி, வைத்தியசாலைகளின் பெருக்கம் ஆகியனவும் துணைநின்றன என்பது உண்மை. ஆயினும் அப்பெண்ணின் வேலை எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். மூவாயிரம் பேர் அளவிலான ஒரு பகுதி அவளுடையது; அங்கே கருவுற்ற ஒவ்வொரு தாயையும் அவள் பெயர் சொல்லி அறிவாள். என்ன செய்யவேண்டும், எந்த அறிகுறி கண்டால் எவரிடம் அனுப்பவேண்டும் என்பது அவளுக்குப் பயிற்றப்பட்டிருக்கிறது. அவளுடைய பதிவேடு மேலதிகாரியைத் திருப்திப்படுத்தும் காகிதமன்று. அடுத்த வீட்டுக்குப் போவதற்கு வழிகாட்டும் படம். 1980களிலிருந்து ஒரு தாய் இறந்தால் அவ்விறப்பு விசாரிக்கப்படுகிறது. குற்றவாளியைப் பிடிப்பது அவ்விசாரணையின் நோக்கமன்று. வாகனம் ஏன் பிந்தியது, இரத்தம் ஏன் கிடைக்கவில்லை, எந்தக் கட்டத்திலே ஆபத்து உணரப்படாது போயிற்று என்று கேட்பதே அதன் நோக்கம். பெட்டிக்குள் இருக்கும் சிவப்பு மணியைத் தேடும் முறை அது. சிறந்தவளுக்குப் பரிசும் மற்றவளுக்கு வெளியேற்றமும் என்றிருந்தால், எந்த மருத்துவமாது தன் பகுதியில் நேர்ந்த தவறை வாய்திறந்து சொல்லியிருப்பாள்?

கொழும்பிலே காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இதற்குச் சான்று. யப்பானியரின் 'ஐந்து எஸ்' ஒழுங்கை 2000ஆம் ஆண்டளவில் அங்கே கைக்கொண்டனர். துப்புரவுத் தொழிலாளியையும் தாதியையும் வைத்தியரையும் ஒரே மேசையிலே இருத்தி, தத்தம் வேலையிலே உள்ள இடைஞ்சல்களைத் தாமே கண்டு நீக்கும்படி செய்தனர். பிற்காலத்தில் யப்பானின் ஜைக்கா நிறுவனம் அதனை முன்மாதிரியாக்கி ஆபிரிக்க நாடுகளுக்குக் கொண்டுசென்றது. அதே 'ஐந்து எஸ்' மற்றக் கந்தோர்களுக்கு வந்தபோது என்னவாயிற்று? அலுமாரியிலே பெயர்ச்சீட்டு, சுவரிலே வர்ணக் கோடு, பூச்சாடி, விருதுக்கான விண்ணப்பம், மதிப்பீட்டாளர் வரும் வாரத்திலே ஊழியரிடமிருந்து திறந்த பணம். பாடசாலைகளிலே இக்கூத்தைப் பார்த்த ஆசிரிய வாசகர்களுக்கு நாம் விபரிக்கத் தேவையில்லை. கருவி ஒன்றே, கீழுள்ளவனின் வாய் திறக்கப்பட்ட இடத்திலே பயன் விளைந்தது, திறக்கப்படாத இடத்திலே பெயின்ட் விற்பனையானது.

இவ்வளவும் கூறியபின் எம்மவரின் குற்றங்களையும் கூறாதுவிட்டால் இக்கட்டுரை அரைக்கட்டுரையாகும். கிழிந்த சேலையோடு வரும் கிழவியை 'நாளைக்கு வா' என்று ஒருமையிலே விரட்டிவிட்டு, பென்ஸ் காரில் வருபவருக்குக் கதிரை இழுத்துப்போடும் கையும் தொழிலாளவர்க்கத்தின் கை தான். வடக்கிலே சில கந்தோர்களில் மனுவிலே உள்ள ஊர்ப்பெயரையும் தகப்பன் பெயரையும் பார்த்துச் சாதியை ஊகித்து, அதற்கேற்பக் குரலை உயர்த்தும் தாழ்த்தும் கலையும் அழிந்துவிடவில்லை. இதனையும் 'அமைப்பின் விளைவு' என்று சொல்லி நழுவுவது கோழைத்தனம். தொழிற்சங்கங்களோ சம்பளத்துக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கும் போராடிய அளவுக்கு, வேலையின் தன்மைக்காகப் போராடவில்லை. விரல் அடையாள இயந்திரத்தை எதிர்த்து ஊர்வலம் போன சங்கங்கள், அவ்வியந்திரம் பதியும் எட்டு மணித்தியாலத்துள் தம் அங்கத்தவருக்கு என்ன வேலை தரப்படுகிறது என்று ஒரு தீர்மானமேனும் நிறைவேற்றினவா? வேலையை முகாமையாளரின் விஷயமென்று விட்டுக்கொடுத்ததனால் தான், இன்று முகாமையாளர் எம் மனத்தையும் தம் விஷயமாக்கிக் கொண்டனர்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பிலே உணவுப் பொருட்களின் விலையேற்றம் 2022 செப்டம்பரிலே ஏறக்குறைய 95 சதவீதமாயிருந்தது. அடிப்படைச் சம்பளத்தின் ஆகக் குறைந்த அளவு 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்படுமென 2025இன் வரவுசெலவுத் திட்டம் கூறியது. அதுவும் 2027வரை தவணை தவணையாக. ஆசிரியர்களின் சம்பள முரண்பாடு 1997இலிருந்து 24 ஆண்டுகள் இழுபட்டு, 2021இலே மூன்று மாதங்களுக்கு மேலான வேலைநிறுத்தத்தின் பின்னரே அசைந்தது. தம் சொந்தக் காசிலே இணையக் கட்டணம் கட்டி நோய்த்தொற்றுக் காலத்திலே பாடம் நடத்திய அதே ஆசிரியர்களுக்கே, ஊழியரை ஊக்குவிப்பது எவ்வாறு என்று மண்டபத்திலே வகுப்பு நடத்துகின்றனர்.

அரசாங்கத்துக்குத் தன் ஊழியர் மீது உள்ள மதிப்பை 2022ஆம் ஆண்டே அம்பலப்படுத்திற்று. ஓய்வு வயது 65 என்று சொல்லி ஓராண்டு முடியுமுன் 60 என்றனர். ஆண்டிறுதியிலே அனுபவசாலிகள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அவர்களிடம் தொழில் கற்கவேண்டிய இளையோருக்கு ஒப்படைப்பதற்கென ஒரு மாத அவகாசமும் பல கந்தோர்களிலே கொடுக்கப்படவில்லை. ஜூனிலே வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து தோட்டஞ் செய்யும்படி கூறினர். அதே மாதத்துச் சுற்றறிக்கை, ஐந்து ஆண்டுவரை சம்பளமின்றி வெளிநாடு போகலாமென்றும் சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கம் வராதென்றும் உறுதி கூறியது. திறமையை முகாமை செய்தல் என்பதன் உண்மைப் பொருள் விமான நிலையத்தின் வாசலைக் காட்டுவது போலும்!

நாம் கோருவது புதுமையானதன்று. ஒவ்வொரு பதவிக்கும் என்ன வேலை என்பது எழுதப்பட்டு, அவ்வேலைக்கு எத்தனை பேர், எவ்வறிவுடையோர் தேவை என்று கந்தோரில் உள்ளோரையும் கூட்டிவைத்துக் கணக்கிடல் வேண்டும். படைகளுக்கும் அக்கணக்குப் பொருந்தவேண்டும். பட்டதாரி தன் கல்விக்கு ஏற்ற பகுதிக்குச் செல்ல அமைச்சுகளுக்கிடையிலான சுவர் இடிக்கப்படல் வேண்டும். தமிழிலே எழுதியவருக்குத் தமிழிலே பதில் போகாத கந்தோரின் தலைவர், வருடாந்தப் புள்ளியிடலிலே முதலாவதாக விடை கூறவேண்டும். தவறு நேர்ந்தால் மகப்பேற்று இறப்புகளை ஆராய்வது போலக் காரணத்தை ஆராயும் கூட்டம், காணிப் பகுதியிலும் ஓய்வூதியப் பகுதியிலும் மாதந்தோறும் நடத்தப்படல் வேண்டும். அதிலே சிற்றூழியருக்கும், விறாந்தையிலே காத்துநிற்கும் பொதுமகனுக்கும் இடமிருக்கவேண்டும். இவற்றைச் சங்கங்கள் தம் அடுத்த மாநாட்டின் கோரிக்கைப் பத்திரத்திலே சம்பளக் கோரிக்கைக்கு அடுத்த வரியிலே எழுதட்டும். ஆசிரியர் சங்கங்கள் முதலில் எழுதட்டும்.

நாம் குறிப்பிட்ட தாவரவியல் பட்டதாரி 2022இன் சுற்றறிக்கையின்படி விடுமுறை பெற்று வளைகுடா நாடொன்றுக்குப் போய், அங்கே ஒரு களஞ்சியத்திலே பெட்டிகளுக்குக் கணக்கெழுதுகிறார். பெயர்ப்பட்டியலிலே அவர் இன்னும் அபிவிருத்தி உத்தியோகத்தரே. அவருடைய கதிரையிலே இப்போது பழைய கோவைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.